முதலில் விரல், பிறகு மூச்சு: நீரிழிவு மனச்சுமையும் விஆர் மனவிழிப்புப் பயிற்சியும் – ஒரு நிகழ்வு ஆய்வு

பரிந்துரைச் சீட்டில் இருந்தது ஒரே வரி: “சிகிச்சைக்கு ஒத்துழைப்பு இல்லை, கவுன்சலிங் தேவை.” வந்தவருக்கு வயது 47. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவில் வேலை. இரண்டாம் வகை நீரிழிவு வந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. கடைசி இரண்டு ஆண்டுகளாகக் காலையும் மாலையும் 30/70 கலவை இன்சுலின், கூடவே மெட்ஃபார்மின் மாத்திரை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 9.6. முந்தைய ஒவ்வொரு வருகையிலும் டோஸ் ஏற்றப்பட்டிருந்தது. சர்க்கரை இறங்கவில்லை. ஆகவே வாயைக் கட்டாதவர் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். அவரும் தன்னைப் பற்றி அப்படித்தான் நினைத்திருந்தார்.

மேலே போவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பெண் தனி ஒருவர் அல்ல. நீரிழிவு கிளினிக்கில் மனநல ஆலோசகர்கள் திரும்பத் திரும்பச் சந்திக்கும் பலரின் விவரங்களைச் சேர்த்து, கற்பித்தலுக்காக ஒரே ஆளாக்கியிருக்கிறேன். கீழே வரும் அவருடைய மதிப்பெண்களும் அப்படிப்பட்டவையே. அளவுகோலை எப்படிப் படிப்பது என்று காட்ட அவை உதவும். விஆர் (தலையில் மாட்டும் ஹெட்செட்டில் சுற்றிலும் காட்சி காட்டும் மெய்நிகர் உண்மை) பலன் தரும் என்பதற்கு ஆதாரம் ஆகா. ஆதாரம் என்று சொல்லத்தக்க ஆய்வுகளை ஆண்டும் இடமும் குறிப்பிட்டுத் தனியே சொல்கிறேன்.

வரலாறு

முதல் சந்திப்பில் அவர் பேசியதெல்லாம் சாப்பாட்டைப் பற்றி. “நான் அப்படி ஒண்ணும் தின்னுப்போடறதில்லீங்க மேடம். ராத்திரிக்கு ரெண்டு சப்பாத்தி, அவ்வளவுதானுங்க.” சொல்லிவிட்டு, நான் நம்புகிறேனா என்று முகத்தைப் பார்த்தார். பல ஆண்டுகளாக விசாரிக்கப்பட்டே பழகியவர்களிடம் இந்தப் பார்வை இருக்கும்.

நாத்தனார் வீட்டுக் கல்யாணப் பந்தியில் ஜிலேபி வைத்துக்கொண்டு வந்தவரிடம் எதிர் வரிசையிலிருந்து ஒரு குரல்: “அவங்களுக்கு வெக்காதீங்க, அவங்களுக்குச் சுகருங்க.” பரிமாறியவர் தாண்டிப் போய்விட்டார். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து, பையில் கொடுத்துவிட்டிருந்த ஜிலேபியை வேண்டுமென்றே தின்றாராம். “ஆசைக்குத் திங்கலீங்க. கோவத்துக்குத் தின்னனுங்க.” கணவர் சர்க்கரை டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அக்கறைதான், ஆனால் காபி போடும்போதெல்லாம் அவரிடம் சாவி கேட்க வேண்டும்.

மகன் வாங்கிக் கொடுத்த குளுக்கோமீட்டர் மேசை டிராயரில் கிடந்தது. பேட்டரி தீர்ந்து எத்தனை மாதம் ஆயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. ரத்தப் பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பிருந்து கஞ்சி மட்டும் குடிப்பார். வெறும் வயிற்றுச் சர்க்கரை கொஞ்சம் குறைந்து காட்டும், ஹெச்பிஏ1சி காட்டிக்கொடுத்துவிடும். அந்த ரிப்போர்ட்டை நீட்டியபோது ஒரு மருத்துவர் சொன்ன “உங்ககிட்ட கட்டுப்பாடே இல்லம்மா” என்ற வாக்கியத்தை, ஏற்ற இறக்கம் மாறாமல் எனக்குச் சொல்லிக் காட்டினார்.

ஊசியைப் பற்றிக் கேட்டபோது மட்டும் பதில் சுருக்கமாக வந்தது. “போடறனுங்க.”

மதிப்பீடு

இது மனச்சோர்வு நோயா, நீரிழிவோடு வாழ்வதால் வரும் சுமையா என்பதைப் பிரித்துப் பார்ப்பது முதல் வேலை. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். மனச்சோர்வை அளக்கும் பிஹெச்கியூ-9 கேள்வித்தாளில் அவர் எடுத்தது 8. மேற்கொண்டு விசாரிக்க வேண்டிய எல்லையாக வழக்கமாக வைக்கப்படும் 10-க்குக் கீழே. அந்த எட்டிலும் பெரும்பகுதி களைப்பு, தூக்கக் குறைவு, பசி மாற்றம் ஆகிய கேள்விகளிலிருந்து வந்தது. சர்க்கரை 250-க்கு மேல் நிற்கும் பலருக்கும் இந்த மூன்றும் இருக்கலாம். இரவில் நான்கு தடவை சிறுநீர் கழிக்க எழுபவருக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்? தற்கொலை எண்ணம் பற்றிய கேள்விக்குப் பூஜ்யம். நேரில் கேட்டும் உறுதி செய்துகொண்டேன். பேரனைப் பற்றிப் பேசும்போது முகம் மலர்ந்தது, கம்பெனித் தோழிகளோடு சிரிப்பும் இருந்தது. சுகர் பேச்சு எடுத்தால் மட்டும் எல்லாம் அணைந்துவிடும்.

இந்தச் சுமைக்குத் தனி அளவுகோல் உண்டு. 1995-இல் பாஸ்டன் ஜாஸ்லின் நீரிழிவு மையத்தில் வில்லியம் போலன்ஸ்கியும் சகாக்களும் பெய்ட் என்ற அளவுகோலை வெளியிட்டார்கள். 2005-இல் அவரும் லாரன்ஸ் ஃபிஷரும் மற்றவர்களும் சேர்ந்து 17 கேள்விகளாகச் செய்தது டிடிஎஸ். எனக்கு இரண்டாவதுதான் கைவசம், காரணம் அது சுமையை நான்காகப் பிரித்துத் தருகிறது: மனத்தை அழுத்தும் பாரம், மருத்துவர் சார்ந்த வருத்தம், மருந்து–உணவு ஒழுங்கைக் கடைப்பிடிப்பதில் வரும் தவிப்பு, வீட்டார்–உறவினர் சார்ந்த வருத்தம். ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 6 வரை மதிப்பெண். சராசரி 2-ஐத் தொட்டால் மிதமான சுமை, 3-ஐத் தொட்டால் கடுமை.

இவருடைய மொத்தச் சராசரி 3.8. பிரித்தால், மனப்பாரம் 4.6, மருத்துவர் 2.5, ஒழுங்குமுறை 3.8, உறவு 4.0.

இது அரிதான நிலை அல்ல. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில் 36 சதவீதத்தினருக்கு இந்தச் சுமை இருப்பதாக 2017-இல் வந்த தொகுப்பாய்வு ஒன்று கணக்கிட்டது. சென்னையின் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமான எம்டிஆர்எஃப் நடத்திய ஐசிஎம்ஆர்–இந்தியாப் ஆய்வு, 2023 வெளியீட்டின்படி, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு. இரண்டு எண்களையும் அப்படியே பெருக்கிவிடக் கூடாது. மக்கள்தொகை வேறு, முறை வேறு. ஆனால் நீரிழிவு கிளினிக்கின் காத்திருப்பு நாற்காலிகளில் இப்படி எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்று ஊகிக்கப் பெருக்கல் தேவையில்லை.

ஏன் விஆர்?

உட்கார்ந்து கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னபோது, இரண்டு நிமிடத்தில் கண்ணைத் திறந்துவிட்டார். “கண்ணை மூடுனா ரிப்போர்ட்டுதானுங்க தெரியுது.” விஆரை எடுத்ததற்கு நேரான காரணம் இதுதான். தொழில்நுட்பத்தின்மேல் எனக்குத் தனி மோகம் கிடையாது.

பின்னணியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வலியைக் குறைக்க விஆரைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்கள் சியாட்டிலில் ஹண்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும். தீக்காயச் சிகிச்சையின்போது இரண்டு பதின்வயதினருக்கு விஆரும் நிண்டெண்டோ விளையாட்டும் கொடுத்து ஒப்பிட்ட அறிக்கையை 2000-இல் வெளியிட்டார்கள். பின்னாளில் வந்த ஸ்னோவேர்ல்டில் நோயாளி பனிப் பள்ளத்தாக்கில் பனிப்பந்து எறிந்துகொண்டிருப்பார். கட்டு மாற்றும் வேலை அந்தப் பக்கம் நடக்கும். அங்கே குறிக்கோள் கவனத்தைத் திருப்புவது. மனவிழிப்புப் பயிற்சியோ நேர் எதிர்த் திசையில் போகிறது: உடம்பில் நடப்பதை விட்டு ஓடாமல் அதன் அருகிலேயே இருப்பது. ஒரே கருவி இரண்டுக்கும் பயன்படுவதால் குழப்பம் வருகிறது. நோயாளி அமைதியாகிவிட்டார் என்றால் பயிற்சி நடந்தது என்று பொருளில்லை. நல்ல காட்சி பார்த்துக்கொண்டிருந்தார் என்றும் பொருள்படலாம்.

இரண்டையும் இணைக்கும் முயற்சிகள் உண்டு. ஆற்றில் மெதுவாக மிதந்துபோகும் விஆர் காட்சியோடு மனவிழிப்பு வழிகாட்டுதலைச் சேர்த்து, ஒரு மாநாட்டுக்கு வந்த 44 தியானப் பயிற்சியாளர்களிடம் நவாரோ-ஹாரோ, ஹாஃப்மன் குழுவினர் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். நாள்பட்ட முதுகுவலிக்கான ஈஸ்விஆர்எக்ஸ் என்ற எட்டு வாரத் திட்டத்துக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ 2021 நவம்பரில் அனுமதி தந்தது. மூச்சுப் பயிற்சியும் அதில் ஒரு பகுதி. 179 பேரிடம் நடந்த சோதனையில், வலி 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தது என்றவர்கள் விஆர் பிரிவில் 66 சதவீதம், பயிற்சி எதுவும் இல்லாத இருபரிமாணப் படத்தைப் பார்த்த ஒப்பீட்டுப் பிரிவில் 41 சதவீதம். அந்த 41-ஐயும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நீரிழிவில் மனவிழிப்புக்குக் கிடைக்கும் நல்ல சாட்சியம் நெதர்லாந்தின் டயாமைண்ட் ஆய்வு. ஹெட்செட் எதுவும் இல்லை, எட்டு வாரக் குழு வகுப்பு மட்டும். 2013-இல் வெளியான அதில் 139 பேர். மன அழுத்தம், பதற்றம், மனச்சோர்வு மூன்றும் குறைந்தன. ஹெச்பிஏ1சி மாறவில்லை. நீரிழிவுக்கே உரிய சுமையும், மொத்தக் குழுவாகப் பார்த்தால், கணிசமாக மாறவில்லை. தொடக்கத்திலேயே அது அதிகமாக இருந்தவர்களிடம் குறையும் போக்கு மட்டும் தெரிந்தது. இதை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொண்டால் பிறகு ஏமாற்றம் இருக்காது. பொதுவான பதற்றம் தணியும். ஆனால் “என் சுகர்” என்ற குறிப்பான பாரம் மூச்சை மட்டும் கவனித்தால் இறங்கிவிடாது.

தயாரிப்பு

அறிமுகக் கட்டுரைகள் ஒரே வரியில் தாண்டிப்போகும் இந்த இடத்தில்தான் பாதி வேலை இருக்கிறது.

கண்ணை முதலில் பார்க்க வேண்டும். விழித்திரைப் பரிசோதனையில் அவருக்குத் தொடக்க நிலைப் பாதிப்பு மட்டுமே இருந்தது. அண்மையில் கண்ணுக்குள் ரத்தக்கசிவு, அறுவைச் சிகிச்சை, லேசர் என்று ஏதேனும் இருந்தால் கண் மருத்துவரைக் கேட்காமல் ஹெட்செட் மாட்டக் கூடாது. வலிப்பு வரலாறு இருந்தால் வேண்டாம். எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வருபவர்கள், இரைப்பை இயக்கம் மந்தமாகி ஏற்கெனவே குமட்டல் உள்ளவர்கள் ஆகியோரிடமும் தள்ளிப் போடுவது நல்லது. நீரிழிவு நரம்புகளைத் தாக்கும்போது வரும் தொல்லைகள் இவை. பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் பலர் என்பதால் நிற்க வைத்து எதுவும் செய்வதில்லை. கைப்பிடி உள்ள, சுழலாத நாற்காலி.

கருவி, மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 2 ஹெட்செட். எடை 503 கிராம். கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவருக்கு அரைக் கிலோ என்பது சிறிய எண் அல்ல. கண்மணிகளுக்கு இடையிலான தூரத்துக்கு 58, 63, 68 மில்லிமீட்டர் என மூன்றே நிலைகள். பொருந்தாதவர்களுக்குப் படம் மங்கித் தலை வலிக்கும். கொண்டை போட்டு மல்லிகைச்சரம் வைத்து வருபவருக்குப் பின்பக்கப் பட்டை உட்காராது, அதனால் சடை பின்னி வரச் சொல்ல வேண்டியிருந்தது. குங்குமமும் விபூதியும் முகப் பஞ்சில் ஒட்டும், எனவே ஆளுக்கொரு உறை. லென்ஸில் ஸ்பிரிட் படக் கூடாது. ஊசி போடும் இடத்தைத் துடைத்த பஞ்சாலேயே லென்ஸையும் துடைத்துவிடும் ஆர்வம் நர்ஸ்களுக்கு வரும்.

இன்னொன்று சர்க்கரை அளவு. விஆரில் சிலருக்கு வரும் கிறுகிறுப்பின் அறிகுறிகள் வியர்வை, குமட்டல், தலைசுற்றல், முகம் வெளுத்தல். இன்சுலின் போடுபவருக்குச் சர்க்கரை தாழ்ந்தாலும் கிட்டத்தட்ட இதே பட்டியல்தான். ஈஸ்விஆர்எக்ஸ் சோதனையில் 9.7 சதவீதத்தினர் கிறுகிறுப்பும் குமட்டலும் வந்ததாகச் சொன்னார்கள், அவர்கள் முதுகுவலிக்காரர்கள். இன்சுலின் போடுபவருக்கு அதே குமட்டல் வரும்போது “ஹெட்செட் பழகாததால் இருக்கும்” என்று விட்டுவிட்டால் ஆபத்து. அதனால் ஒவ்வொரு அமர்வுக்கும் முன்னால் விரலில் குத்திப் பார்ப்பது விதி. மேசையில் மீட்டரும் குளுக்கோஸ் பொடியும் எப்போதும் இருக்கும். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரப்படும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் மறைந்து வியர்வை மட்டும் மிஞ்சலாம், அதையும் சீட்டில் குறித்துக்கொள்ள வேண்டும்.

மனவிழிப்பு வகுப்புகளில் உலர்திராட்சைப் பயிற்சி பேர்போனது. ஒற்றைத் திராட்சையை ஐந்து நிமிடம் பார்த்து, முகர்ந்து, மென்று தின்ன வேண்டும். இவர் கையில் வைத்தபோது, “இது இனிப்புங்களே?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு திராட்சையால் சர்க்கரை ஏறாது என்று வாதாடிப் பயனில்லை. வறுத்த நிலக்கடலைக்கு மாறினோம்.

அமர்வுகள்

கருவியோடு கிடைத்த செயலியில் அந்திநேரக் கடற்கரை, ஆங்கிலக் குரல். எல்லாரும் மெச்சும் காட்சி. அவர் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “யாருமே இல்லீங்களே மேடம். இத்தனை பெரிய எடத்துல நான் மட்டும் ஒத்தையில என்ன பண்றதுங்க?” ஆளரவமற்ற இடம் என்றால் அமைதி என்று செய்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். பொழுது சாய்ந்த நேரத்தில் ஆளில்லாத கரையில் தனியாக உட்காருவதை நம் ஊர்ப் பெண் எவரும் ஓய்வு என்று சொல்ல மாட்டார்.

வேறு காட்சி எடுக்கத் தீர்மானித்தோம். அருகில் ஆறு என்றால் நொய்யல் என்று யாரோ சொல்ல, அவர் வாய்விட்டுச் சிரித்தார். “அந்தச் சாயத்தண்ணியவா? அதைப் பாத்தாக் கம்பெனி நெனப்புதானுங்க வரும்.” கடைசியில் கோபிசெட்டிபாளையம் பக்கத்துக் கொடிவேரி அணையில், காலை வெயிலில், ஸ்டாண்டில் பொருத்திய 360 டிகிரி கேமராவில் பதிவு செய்த படம். கேமரா அசையவே கூடாது. படம் நகர்ந்து உடம்பு நகராதிருந்தால் குமட்டும். தண்ணீர் தாண்டி விழுகிறது, தூரத்தில் பரிசல், கரையில் துணி துவைக்கும் இரண்டு பெண்கள். குரல், எங்கள் சிஸ்டர் ஒருவருடையது. அவரும் கோபி பக்கத்துக்காரர். “இப்ப பாதத்தை நெனச்சுப் பாருங்க, சூடு தெரியுதுங்களா, மதமதப்பா இருக்குதுங்களா, எப்படி இருந்தாலும் செரி” என்று பேச்சு வழக்கிலேயே பதிவு செய்தார்.

அமர்வு பத்து நிமிடம், வாரத்துக்கு ஒன்று. வீட்டுக்குக் குரல் பதிவு மட்டும், போனில். கம்பெனி வேனில் ஒரு காதில் மாட்டிக் கேட்பதாகச் சொன்னார். விஆரின் பலனாக நான் நேரில் கண்டது ஒன்று: கண்ணைத் திறந்துகொண்டே பயிற்சி செய்ய முடிந்தது. ரிப்போர்ட் வந்து நிற்க முடியாத அளவுக்குக் கண்முன்னே ஏதோ ஒன்று இருந்தது. மனம் ஓடும்போது திரும்பி வர, விழும் தண்ணீர் ஓர் இடமாக நின்றது.

மூன்றாம் அமர்வில் கவனம் நெஞ்சுப் பகுதிக்கு வந்தபோது கை நாற்காலிப் பிடியை இறுக்கியது. “மேடம், லோ ஆகுதுங்க. எடுத்துடுங்க.” சர்க்கரை தாழ்கிறது என்கிறார். உடனே கழற்றினோம். நெற்றியில் வியர்வை, விரல் நடுக்கம். குத்திப் பார்த்தால் 142, தாழ்வே இல்லை.

அவர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். மீட்டர் தப்பு என்றார். மறுபடி இன்னொரு விரலில்: 138. அப்போதுதான் பேச ஆரம்பித்தார்.

எட்டு மாதத்துக்கு முன் ஷிப்மெண்ட் நெருக்கடி. ஏழு மணிக்குக் கம்பெனிக் கழிப்பறையில் ஊசி போட்டுக்கொண்டார். சாப்பாட்டு இடைவேளை தள்ளிக்கொண்டே போய் ஒன்பதரை தாண்டிவிட்டது. கலவை இன்சுலின் காத்திருக்காது. போட்ட அரைமணியில் வேலையைத் தொடங்கிவிடும். டேபிள்மேல் சாய்ந்து விழுந்திருக்கிறார். வலிப்பு என்று நினைத்துச் சாவியைக் கையில் கொடுத்தார்களாம். யாரோ டீயில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கொடுத்ததில் தெளிந்தார். “எல்லாரும் சுத்தி நின்னாங்க மேடம். சேலை எப்படிக் கெடந்துச்சுன்னுகூடத் தெரியலீங்க.”

அன்றிலிருந்து ஓ.டி. இருக்கும் நாளில் மாலை ஊசி கிடையாது. ஓ.டி. இல்லாத நாளிலும் படுக்கும்முன் பிஸ்கட், ராத்திரியில் லோ ஆகிவிடுமோ என்று. நெஞ்சு படபடத்தால் உடனே இன்னும் நான்கு பிஸ்கட். சர்க்கரை ஏறும், மருத்துவர் டோஸை ஏற்றுவார், ஏற்றிய டோஸைப் பார்த்துப் பயம் கூடும், இன்னொரு ஊசி விட்டுப்போகும். பரிந்துரைச் சீட்டு ஒத்துழையாமை என்று எழுதியது இந்தச் சுழலைத்தான். ஜிலேபிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பயிற்சியை மாற்றி எழுதியது

மனவிழிப்பின் அடிப்படைப் பாடம்: உடம்பில் ஓர் உணர்வு எழுந்தால் அதை மாற்ற ஓடாதே, வந்துபோகட்டும், பார்த்துக்கொண்டிரு. ஜான் கபாட்-ஸின் 1979-இல் மாசசூசெட்ஸில் நாள்பட்ட வலிக்காரர்களோடு தொடங்கிய மரபு இது. அவர்களுக்குப் பொருந்தும். இன்சுலின் போட்டிருப்பவரிடம் படபடப்பையும் வியர்வையையும் “சும்மா பார்த்துக்கொண்டிருங்கள்” என்று சொல்வது உயிருக்கு ஆபத்தான அறிவுரை. 70-க்குக் கீழே போன சர்க்கரை பார்த்துக்கொண்டிருந்தால் போகாது. கடைகளில் கிடைக்கும் தியானச் செயலிகள் எதிலும் இந்த எச்சரிக்கை கேட்பவரின் காதுக்கு வருவதாக எனக்குப் படவில்லை. இந்த நிகழ்விலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

எனவே பதிவில் ஒரு வரி சேர்ந்தது: “படபடன்னு வந்தா மொதல்ல வெரல்ல பாருங்க, அப்பறம் மூச்சைப் பாருங்க.” அட்டையாகவும் எழுதிக் கொடுத்தோம். 70-க்குக் கீழ் என்றால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதனை. மேலே என்றால் பிஸ்கட் வேண்டாம், பதிவைப் போடு.

அடுத்த அமர்வுகளில் ஹெட்செட் வேறொரு வேலைக்குப் பயன்பட்டது. கவனம் நெஞ்சுக்கு வரும், படபடப்பு எழும். கழற்றாமலே எத்தனை இருக்கும் என்று ஊகித்துச் சொல்வார், பிறகு நர்ஸ் விரலில் பார்ப்பார். முதலில் ஊகம் 60, மீட்டரில் 150-க்கு மேல். போகப் போக இடைவெளி குறைந்தது. பயம் தரும் படபடப்பு நெஞ்சோடு நிற்கிறது, லோ ஆகும்போது கூடவே பசியும் உதட்டு மதமதப்பும் வருகின்றன என்று அவரே வித்தியாசம் சொன்னார். இது அவருடைய உடம்புக்கான குறிப்பு; இன்னொருவருக்கு வேறாக இருக்கும், அதனால் மீட்டரைக் கைவிடச் சொல்லவே இல்லை. ஆனால் மீட்டர் டிராயரைவிட்டு வெளியே வந்தது. பேட்டரியை அவரே வாங்கிப் போட்டார்.

எட்டு வாரத்தில்

மறுபடி டிடிஎஸ். மனப்பாரம் 4.6-இலிருந்து 2.8. மருத்துவர் 2.5, மாற்றமில்லை. ஒழுங்குமுறை 3.8-இலிருந்து 3.6. உறவு 4.0, அப்படியே. மொத்தம் 3.2, இன்னும் கடுமை எல்லைக்குள்தான். ஹெச்பிஏ1சி 9.4.

முதல் எண்ணை மட்டும் எடுத்து ஸ்லைடில் போட்டால் வெற்றிக் கதை. மொத்த எண்ணை மட்டும் போட்டால் தோல்விக் கதை. நான்கையும் சேர்த்துப் படித்தால்தான் ஹெட்செட்டின் எல்லை தெரியும். பயத்தோடு அவர் நடத்திய சண்டையை அது தணித்தது. ஓ.டி. நேரத்தை அது மாற்றவில்லை, பந்தியில் குரல் கொடுத்தவரின் வாயை மூடவில்லை, பீரோச் சாவியைத் திருப்பித் தரவில்லை. ஒழுங்குமுறைத் தவிப்பு 3.6-இல் நின்றதற்குக் காரணம் மனநிலை அல்ல. அவருடைய வேலை நேரத்துக்குப் பொருந்தாத இன்சுலின்.

முதல் வகை நீரிழிவுள்ள 301 பேரை வைத்து ஃபிஷர் குழு நடத்திய டி1-ரிடீம் ஆய்வு 2018-இல் வந்தது. உணர்வுகளைக் கையாளும் பயிற்சி ஒரு பிரிவுக்கு, நீரிழிவுக் கல்வியும் நடைமுறைத் திட்டமிடலும் இன்னொரு பிரிவுக்கு. சுமை இரண்டிலும் நன்றாகவே குறைந்தது. மனத்தை மட்டும் தொட்டால் போதும் என்பவர்களும், பாடம் மட்டும் எடுத்தால் போதும் என்பவர்களும் இதைப் படிக்கலாம்.

இன்சுலின், வீடு

ஊசி விட்டுப்போன கதையை அவரே மருத்துவரிடம் சொல்வதாக ஒப்புக்கொண்டார். நான் கூடப் போய் உட்கார்ந்தேன். மருத்துவர் அதட்டவில்லை. கேட்டுவிட்டு, “அப்ப நான் ஏத்துன டோஸெல்லாம் நீங்க போடாத ஊசிக்குத்தானா?” என்று சிரித்தார். கலவை இன்சுலினை நிறுத்தி, நாளுக்கு ஒருமுறை போடும் நீண்டநேர இன்சுலினும் மாத்திரைகளும் என்று மாற்றினார். கழிப்பறையில் ஊசி போடும் அவசியமே போயிற்று. செலவு கூடியது. அதை மறைக்கவில்லை, எந்த மாதம் முடியாதோ அந்த மாதம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று பேசி வைத்தோம்.

கணவர் ஒருமுறை வந்தார். டப்பா விஷயத்தை எடுக்க அவருக்குக் கூச்சம். “அவ நல்லதுக்குத்தானுங்க பண்ணுனேன்” என்றார். நல்லதுக்குத்தான் என்பதை மறுக்காமல், ராத்திரி மனைவிக்கு வியர்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியவில்லை. மீட்டரில் பார்க்கவும் குளுக்கோஸ் கலக்கவும் சிஸ்டர் கற்றுக் கொடுத்தார். காவல் வேலை போய் உருப்படியான வேலை கிடைத்ததில் அவருக்கே நிம்மதி போலத் தெரிந்தது. பீரோ அதற்குப் பிறகு பூட்டப்படவில்லை என்று கேள்வி.

சென்னை, டெல்லி, பெங்களூரு, விசாகப்பட்டினம் நகரங்களில் நான்கு கிளினிக்குகளில் 404 பேரிடம் நடந்த இன்டிபென்டன்ட் ஆய்வை இங்கே நினைத்துக்கொள்ளலாம். 2020-இல் வெளிவந்தது. மனச்சோர்வும் கட்டுப்படாத நீரிழிவும் சேர்ந்தவர்களுக்கு, கிளினிக்கிலேயே ஒரு பராமரிப்பு ஒருங்கிணைப்பாளரை வைத்து, மனநல மருத்துவரும் நீரிழிவு மருத்துவரும் ஒரே கோப்பைப் பார்த்து முடிவெடுத்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில், மனச்சோர்வும் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றில் ஒன்றேனும் சேர்ந்து முன்னேறியவர்கள் 71.6 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 57.4. ஹெட்செட் வாங்கப் பணம் ஒதுக்கும் கிளினிக்குகள் முதலில் அந்த ஒருங்கிணைப்பாளருக்குச் சம்பளம் ஒதுக்கட்டும் என்பது என் கட்சி. இரண்டுக்கும் பணம் இருந்தால் மகிழ்ச்சி.

ஆறு மாதத்தில்

மனப்பாரம் 2.4, மருத்துவர் 2.3, ஒழுங்குமுறை 2.2, உறவு 2.7. மொத்தம் 2.4, மிதமான சுமை. ஹெச்பிஏ1சி 8.3. இந்த இறக்கத்துக்குக் காரணம் போட வேண்டிய இன்சுலின் உடம்புக்குள் போனதும் ராத்திரி பிஸ்கட் நின்றதும். விஆர் கணக்கில் எழுத இடமில்லை. ஊசி விட்டுப்போவது வெளியே வந்ததில் அதற்குப் பங்கு உண்டு, அவ்வளவே. மூன்றாம் மாதத்துக்குப் பிறகு அவர் ஹெட்செட் கேட்கவில்லை. குரல் பதிவை ஷிப்மெண்ட் வாரங்களில் மட்டும் கேட்கிறார்.

மருத்துவர் பகுதி மதிப்பெண் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஒருமுறை நன்றாகப் பேசியது உண்மை. ஆனால் காத்திருப்பு இரண்டு மணிநேரம், உள்ளே ஐந்து நிமிடம் என்ற ஏற்பாடு மாறவில்லை. அதற்கு எந்தப் பயிற்சியும் நோயாளிக்குக் கொடுத்துப் பயனில்லை. நர்ஸ் நிரப்பும் படிவத்தில் “ஊசி ஒழுங்காகப் போடுகிறீர்களா?” என்றிருந்த கேள்வியை எடுத்துவிட்டோம். அதற்கு ஆம் என்ற பதில் மட்டுமே வரும். இப்போது இருப்பது: “போன வாரம் எத்தனை ஊசி விட்டுப்போச்சு? என்ன காரணம்?” பதில் பூஜ்யமாக இல்லாவிட்டால், டோஸை ஏற்றுவதற்கு முன் மருத்துவர் அந்தக் கட்டத்தில் கையெழுத்திட வேண்டும்.